கொண்டைக் கள்ளியை நோயென்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்

நேராக உயர வேண்டிய தூண்கள்ளியின் நுனி திடீரென்று பக்கவாட்டில் விரிந்து நெளிய ஆரம்பித்தால், பலரும் உடனே கத்தியை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாதாரணத் தூண்கள்ளியில் வளர்முனை ஒரே ஒரு புள்ளி. கொண்டைக் கள்ளியில் அந்தப் புள்ளி கோடாக நீண்டுவிடுகிறது. கோடு முழுக்க ஒரே சமயத்தில் வளர்வதால் தண்டு சேவல் கொண்டைபோல விரிந்து, இடம் போதாமல் மடிகிறது. அரிசோனாவின் சாகுவாரோ கள்ளிகளில்கூட அபூர்வமாக இப்படி ஆவதுண்டு. நுனியில் பட்ட காயம், மரபணு மாற்றம் என்று காரணம் பல இருக்கலாம்.

கொண்டையின் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். முள் கிளம்பும் பஞ்சுப் புள்ளிகள் அங்கே நெருக்கியடித்து, வெளிறிய இளம் நிறத்தில் இருக்கும். செடியின் உயிரே அந்த விளிம்பில்தான். தொட்டி மாற்றும்போது அங்கே பிடித்துத் தூக்காதீர்கள். நசுங்கிய இடம் அதற்குமேல் வளராது. மிர்ட்டிலோகேக்டஸ் என்ற கள்ளி வகை போன்ற நீலச் சாயல் கொண்டவற்றைத் தூசி என்று துணியால் துடைப்பதும் தவறு. அது மெழுகுப் பூச்சு, போனால் அந்த இடத்தில் திரும்ப வராது.

வெட்ட வேண்டியது வேறு. அடியிலிருந்து நேராக ஒரு தண்டு கிளம்பினால் ‘ஆஹா, சரியாகிவிட்டது’ என்று விட்டுவைக்கிறார்கள். அது வேகமாக வளர்ந்து கொண்டையை அமுக்கிவிடும். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அடிப்பகுதி பழுப்பானால் பதறாமல் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வயதின் பட்டை. கொழகொழவென்றிருந்தால் அழுகல்.

நம் வேலூர் வெயிலைக் குறைத்து எடை போடக் கூடாது. நர்சரியின் நிழல்வலையிலிருந்து வாங்கி வந்த செடியைக் கத்திரி வெயிலில், அதுவும் 40 டிகிரியைத் தாண்டும் மொட்டை மாடியில், நேரே வைத்தால் அகன்ற பக்கம் வெந்து வெளுக்கும். தழும்பு மறையாது. இரண்டு மூன்று வாரம் காலை வெயிலுக்கு மட்டும் பழக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறான தொல்லை: மடிப்புகளில் தண்ணீர் தேங்கி அழுகும். சன்ஷேடுக்கு அடியில் தள்ளி வையுங்கள். மாவுப்பூச்சி ஒளிவதும் அதே மடிப்புகளில்தான்.

அப்புறம், கொண்டையோடு விற்கப்படுவதெல்லாம் கேக்டஸ் இல்லை. கீறினால் வெள்ளைப் பால் வந்தால் அது பெரும்பாலும் யூபோர்பியா, நம் குன்றுகளில் வளரும் சதுரக்கள்ளியின் உறவு. அந்தப் பால் கண்ணில் படவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.