மாசசூசெட்ஸ் சம்பள விடுப்பு: முதலாளிகள் சறுக்கும் இடங்கள்

குழந்தை பிறந்தாலோ, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையானாலோ, தனக்கே உடம்பு முடியாமல் போனாலோ, மாசசூசெட்ஸ் பணியாளர் மாநில நிதியிலிருந்து சம்பளத்தின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு விடுப்பில் போகலாம். சட்டம் 2018-ல் வந்தது. 2021 முதல் பணம் கிடைக்கிறது. பொதுவாகக் குடும்பத்துக்காக 12 வாரம், சொந்த உடல்நிலைக்கு 20 வாரம், எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 26 வாரம்தான் உச்சவரம்பு.

உணவகமோ சின்ன ஐடி நிறுவனமோ நடத்துபவர்கள் பலர் "எங்களிடம் பத்துப் பேர்தானே, இது நமக்கு இல்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். 50 பேர் என்ற வரம்பு மத்திய அரசின் விடுப்புச் சட்டத்தில் உள்ளது. அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே 25 பேருக்குக் குறைவாக இருந்தால் முதலாளி அந்த மாநில நிதிக்குத் தன் பங்கைக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். பணியாளர் பங்கைச் சம்பளத்திலிருந்து பிடித்து, காலாண்டுக்கு ஒருமுறை கணக்கோடு மாநிலத்துக்குச் செலுத்தியே ஆக வேண்டும். பகுதிநேர ஆட்களும் தலைக்கணக்கில் வருவார்கள்.

பிடிக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? 2025-ல் சிறு நிறுவனத்துக்கான விகிதம் 0.46 சதவீதம். வாரம் 1,000 டாலர் வாங்குபவரிடம் 4.60 டாலர், ஒரு காலாண்டுக்கு 59.80 டாலர். பத்துப் பேருக்கு விட்டுப்போனால் 598 டாலர். அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று கை வைத்துவிடாதீர்கள். அப்போது பிடிக்காததை நீங்களே கட்ட ஒப்புக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், இந்த விடுப்பு பற்றிய நோட்டீஸ். சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு 30 நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். போட மறுத்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ ஸ்பானிஷோ போர்ச்சுகீஸோ தாய்மொழியாகப் பேசினால், அந்த மொழி போஸ்டரும் தேவை. முதல் தடவை தவறினால் ஆளுக்கு 50 டாலர் அபராதம், அடுத்தடுத்து 300.

இதையெல்லாம் பணம் கட்டிச் சரிசெய்துவிடலாம். நான் உண்மையிலேயே பயப்படுவது, விடுப்பு முடிந்து ஆள் திரும்பி வந்தபிறகு நடப்பதை நினைத்துத்தான். திரும்புபவருக்கு அதே வேலையையோ, சம்பளமும் தகுதியும் சமமான வேலையையோ கொடுக்க வேண்டும். விடுப்பின்போதோ, திரும்பிய ஆறு மாதத்துக்குள்ளோ சம்பளத்தைக் குறைத்தாலும், பதவியை இறக்கினாலும், வேலையை விட்டு அனுப்பினாலும், அது பழிவாங்கல்தான் என்று சட்டம் முன்கூட்டியே கருதுகிறது. அப்படி இல்லை என்று தெளிவான, வலுவான ஆதாரத்தோடு நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. விடுப்பே எடுத்திருக்காவிட்டாலும் இதே முடிவை இதே நேரத்தில் எடுத்திருப்பேன் என்று காட்ட வேண்டும். தோற்றால், இழந்த சம்பளத்தைப் போல மூன்று மடங்கு.

பச்சைக்குழந்தையோடு வீட்டிலிருக்கும் ஒருவரின் நல்ல ஷிப்டை இடைப்பட்ட காலத்தில் வந்த ஆளுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, "வா, பார்க்கலாம்" என்று சொல்வது சாதாரணமாகத் தோன்றும். மாலையில் டிப்ஸ் அதிகம் கிடைக்கும் ஷிப்டிலிருந்து மதிய ஷிப்டுக்கு மாற்றினால் அவருக்குக் கையில் வரும் பணம் குறைகிறது. வழக்கு அங்கிருந்தே கிளம்பும். வேலைத்திறன் பற்றி முன்பே குறை இருந்திருந்தால், அது விடுப்புக் கேட்பதற்கு முன்னால் தேதியோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபிறகு எழுதும் மெமோவை யாரும் நம்ப மாட்டார்கள்.

"முதலில் உன் சொந்த லீவைத் தீர்த்துவிட்டு மாநில விடுப்புக்கு விண்ணப்பி" என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. 2023 நவம்பரிலிருந்து, மாநிலம் கொடுக்கும் தொகை போக மீதிச் சம்பளத்தைச் சேமித்த லீவால் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அதைத் தீர்மானிப்பது பணியாளர்தான்.