‘5ஜி சோதனையால்தான் சாகிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால்: சரிபார்க்கும் முறை, பதில் சொல்லும் முறை

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்களில், ஓர் ஒலிப்பதிவும் நீளமான ஒரு செய்தியும் நாடு முழுக்கச் சுற்றின. வந்திருப்பது கொரோனாவே இல்லை, 5ஜி டவர் சோதனை; கதிர்வீச்சு காற்றில் கலந்து விஷமாகிறது; அதனால்தான் தொண்டை வறள்கிறது, வீட்டில் எதைத் தொட்டாலும் லேசாக ஷாக் அடிக்கிறது என்றது அது. ஹரியானாவில் டவர்களைச் சேதப்படுத்தும் வரைக்கும் போனது. அதற்கு ஓராண்டு முன்பே, 2020 ஏப்ரலில், பிரிட்டனில் டவர்களுக்கே தீ வைத்தார்கள். அடுத்த தொற்று வந்து, அப்போது புதிதாக ஒரு ‘ஜி’யும் வந்தால், இதே செய்தி எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு வரும்.

இதற்கு ‘வதந்தி, நம்பாதீர்கள்’ என்று ஒரு வரி போட்டால் எடுபடாது. காரணம், செய்தியில் இருப்பவை எல்லாமே பொய் இல்லை. தொண்டை வறண்டது உண்மை. சிலருக்கு ஷாக் அடித்ததும் உண்மை. அனுபவித்ததைப் பொய் என்று சொல்பவரை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் செய்தியின் ஒவ்வொரு கூற்றையும் தனி வரியாக எழுதுங்கள். தேதி, இடம், உடல் அறிகுறி, ‘எப்படி நடக்கிறது’ என்ற விளக்கம், காட்டப்படும் எண் என்று பிரியும். ‘அரசாங்கம் மறைக்கிறது’ போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். அதைச் சோதிக்கவும் முடியாது, அதில் வாதாடி ஜெயிக்கவும் முடியாது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தி. 2020 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் அதை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப விடுகிறது. உங்களுக்கு அனுப்பியவர் எழுதியது இல்லை அது. அவரிடம் கோபப்பட வேண்டியதில்லை.

தேதியை ஒப்பிடுங்கள்

பெரும்பாலும் இங்கேயே கதை முடிந்துவிடும். இந்தியாவில் 5ஜி சோதனைக்குத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி கொடுத்தது 2021 மே 4. எங்கேயும் சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று அதே துறை அறிவித்தது மே 10. ஆனால் தினசரித் தொற்று 3 லட்சத்தைத் தாண்டியது ஏப்ரல் மூன்றாம் வாரக் கடைசியிலேயே. சேவை தொடங்கியதோ 2022 அக்டோபர் 1. அதாவது முதல் அலை, இரண்டாம் அலை இரண்டுமே 5ஜி இல்லாத நாட்டில் வந்து போனவை.

இடத்தையும் இதே மாதிரி பாருங்கள். ‘எங்கள் வீட்டில் அப்போதே 5ஜி காட்டியதே’ என்பார்கள். வைஃபை ரூட்டரின் பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று இருந்திருக்கும். அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்டியில் ‘5ஜி’ என்று அச்சடித்து விற்ற போன்களும் அப்போதே கடைக்கு வந்துவிட்டன. அலைவரிசை இல்லாத ஊரில் அவை 4ஜி போனாகத்தான் வேலை செய்தன.

ஷாக் அடிக்கிறதா? இதை அலட்சியப்படுத்தாதீர்கள்

செய்தியில் உயிருக்கு ஆபத்தான பகுதி இதுதான், டவர் அல்ல. ஷாக் இரண்டு வகை. கதவுக் கைப்பிடியையோ நாற்காலியையோ தொட்டவுடன் ‘சுள்’ளென்று ஒரே ஒரு தடவை அடித்து, உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இல்லையென்றால் அது நிலைமின். காற்று வறண்ட ஊரில், செயற்கை இழைத் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, பாலியெஸ்டர் போர்வை இருந்தால் வரும். வட இந்தியக் கோடையில் சகஜம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற புழுக்கமான கடலோர ஊர்களில் அபூர்வம்.

தொட்டுக்கொண்டே இருக்கும்போது ‘விர்’ரென்று தொடர்ந்து இருந்தால், வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கும்போது கூடினால், அது மின்கசிவு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார், வாட்டர் ஹீட்டர் என்று ஒவ்வொன்றின் உலோக உடலிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் ஒன்று கசிவு, அல்லது எர்த் இல்லை, அல்லது இரண்டும். மூன்று முள் பிளக்கில் மேலே தடியாக இருப்பது எர்த் முள். அதை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருந்தால் எர்த் போச்சு. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் குழி காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிவு வந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். இரண்டு முள் சார்ஜரில் செருகிய லேப்டாப்பின் உலோக மூடியில் மட்டும் லேசாகக் கூச்சமாக இருப்பது வேறு. சார்ஜருக்குள் இருக்கும் சிறு மின்தேக்கி வழியாக வருவது அது, நல்ல சார்ஜராக இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஓர் எளிய சோதனை: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் இந்தத் தொடர் ஷாக் நிற்கும். வெளியே டவர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாதத்தைவிட இதற்குப் பலன் அதிகம்.

‘ஆக்ஸிஜனை உறிஞ்சுகிறது’

5ஜி காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடுகிறது என்ற கூற்று, சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் நெஞ்சைத் தைத்தது. உள்ளே ஒரு துளி உண்மை உண்டு: 60 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள அலைகளைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் உறிஞ்சும், கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் சிக்னல் குறையும். நஷ்டம் சிக்னலுக்கு. ஆக்ஸிஜன் மூலக்கூறு உடைவதில்லை, குறைவதுமில்லை. போதாததற்கு, இந்தியாவில் அன்று சோதனைக்குக் கொடுத்த அலைவரிசைகளில் 60 கிகாஹெர்ட்ஸ் இல்லவே இல்லை. காற்றின் மூலக்கூறை உடைத்து விஷமாக்கும் வலுவும் இந்த அலைக்கு இல்லை: மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானில் இருப்பது அதில் ஏறத்தாழ 7 லட்சத்தில் ஒரு பங்கு.

வறண்ட தொண்டையும் மூச்சுத்திணறலும் இருப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டுங்கள். நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இரண்டும் அளவைக் கெடுக்கும். துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை. டவர் மேல் பழி போட்டவர்கள் பரிசோதனைக்குப் போகாமல் இருந்ததுதான் இந்த வதந்தியின் நிஜமான ஆபத்து.

மீட்டர் வீடியோ

டவருக்குக் கீழே ஒருவர் சிறிய மீட்டரை நீட்டுவார். சிவப்பு விளக்கு, 12,000 என்று எண். பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, அலகை. சதுர மீட்டருக்கு மைக்ரோவாட் என்றிருந்தால் பத்து லட்சத்தால் வகுங்கள்: 0.012 வாட். இந்தியா 2012 செப்டம்பர் 1இல் சர்வதேச வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, 900 மெகாஹெர்ட்ஸுக்கு 0.45 வாட், 1800க்கு 0.9, 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 1 வாட் என்று வைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இருந்த வரம்பு இதுதான். 12,000 என்ற பூதம் 900க்கான வரம்பில் 3 சதவீதம்கூட இல்லை. அலகு ‘வோல்ட்/மீட்டர்’ (V/m) என்றிருந்தால், காட்டும் எண்ணை அதாலேயே பெருக்கி 377ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று வரும். 6 வோல்ட் என்பது சுமார் 0.1 வாட். சிவப்பு விளக்கு எந்த எண்ணில் எரிய வேண்டும் என்பதை மீட்டரைச் செய்தவரே முடிவு செய்கிறார். மலிவு மீட்டர்களில் பல 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கானவை; அவை டவரை அளப்பதே இல்லை.

முறையான அளவீடு எப்படி இருக்கும் என்பதற்கு பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 10 நகரங்களில் 16 5ஜி டவர்களுக்குப் பக்கத்தில் எடுத்த கணக்கைக் காட்டலாம். மொபைல் அலைகள் எல்லாம் சேர்ந்தே சர்வதேச வரம்பில் அதிகபட்சம் 1.5 சதவீதம், அதில் 5ஜி மட்டும் 0.039 சதவீதம்.

பதில் எழுதும்போது

குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள். நாலு பேர் முன்னால் திருத்தப்பட்டவர் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் சொன்னதில் சரியானதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், ஒரே ஒரு துண்டை எடுங்கள், அவரே செய்துபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லி நிறுத்துங்கள். இப்படி:

‘சித்தப்பா, ஷாக் அடிக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதை அப்படியே விட்டுடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஃபிரிட்ஜைத் தொட்டுப் பாருங்க. நின்னுடுச்சுன்னா எர்த் பிரச்சினை, எலக்ட்ரீஷியனை வரச் சொல்றேன். சித்திக்கு இன்னும் இருமல் இருக்கா? ஆக்ஸிமீட்டர்ல எவ்வளவு காட்டுதுன்னு சொல்லுங்க.’

இதில் 5ஜி என்ற சொல்லே இல்லை. வேண்டுமென்றேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ரேடியோ அலைகளை ‘2பி’ பட்டியலில் சேர்த்ததை யாராவது எடுத்துக் காட்டினால் மறுக்காதீர்கள், அது உண்மை. புற்றுநோய் வரலாம் என்பதற்கு வரையறுக்கப்பட்ட சான்றுதான் உண்டு, உறுதி இல்லை என்பதற்கான பட்டியல் அது. கற்றாழை முழு இலைச் சாறும் அதில் இருக்கிறது. கவலை தீராதவருக்கு, தலைக்கு மிக அருகில் இருப்பது டவர் அல்ல, போன் என்று சொல்லுங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் அதிக சக்தியில் கத்தும். அதனால் டவரை அகற்றினால் தலைக்குப் பக்கத்துக் கதிர்வீச்சு கூடவே செய்யும். இயர்போன் போட்டுப் பேசலாம். *#07# அழுத்தினால் போனின் எஸ்ஏஆர், அதாவது உடல் உறிஞ்சும் அலைச் சக்தியின் அளவு, தெரியும். இந்திய வரம்பு கிலோவுக்கு 1.6 வாட்.

டவர் மீதே நியாயமான புகார் இருந்தால்

உண்டு. ஜெனரேட்டர் சத்தம், புகை, பழைய கட்டடத்து மொட்டை மாடி தாங்குமா என்ற சந்தேகம், எதிர்வீட்டு மாடிக்கு நேர் மட்டத்தில் ஆன்டெனா. கடைசியாகச் சொன்னதைத்தான் கதிர்வீச்சுப் புகார் எழுதும்போது முதலில் குறிப்பிட வேண்டும். ஏனென்றால் ஆன்டெனாவின் வீச்சு பக்கவாட்டில் போகிறது. நேர் கீழே இருப்பவருக்கு மிகக் குறைவு. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்களைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் துறையே வந்து அளக்கும். தெருக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டால் பெரிய தொகை இல்லை. கட்டட உறுதிக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் சான்று கேளுங்கள்.

ஆத்திரத்தில் கூட்டம் டவரடியில் கூடிவிட்டால் உடனே 112க்கு அழையுங்கள். உள்ளே 48 வோல்ட் பேட்டரி வரிசையும் டீசல் தொட்டியும் இருக்கும். கம்பியை வெட்டுபவருக்கும் தீ வைப்பவருக்கும் முதலில் ஆபத்து. கூட்டத்திடம் அலைவரிசை பேசாதீர்கள். இந்த டவர் நின்றால் 108க்கு அழைக்க முடியாது, தடுப்பூசி முன்பதிவுக்கு ஓடிபி வராது, மருத்துவமனையில் இருப்பவரிடமிருந்து போன் வராது என்று, அங்கே நிற்பவர்களில் யாருடைய வீட்டில் நோயாளி இருக்கிறாரோ அவரைப் பேசச் சொல்லுங்கள்.