முதல் முத்தத்துக்குத் தாவாதீர்கள்: டார்க் ரொமான்டிக் காமெடி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டார்க் ரொமான்டிக் காமெடி என்றால் சிரிப்போடு இருட்டான விஷயங்களும் கலந்த காதல் கதை. அப்படி ஒன்றில் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத இரண்டு பேர், ஒரு உயிலுக்காகவோ கடனுக்காகவோ விசாவுக்காகவோ கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கடைசியில் என்ன ஆகும் என்று முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் படிக்கிறோம், அவர்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்று பார்க்க. அந்த வழியை விட்டுவிட்டு "சப்பென்று இருந்தது" என்று புத்தகத்தை மூடிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் குறை கதையில் இருக்காது.

பக்கத்தைத் தாவிப் புரட்டுவதுதான் பெரிய தவறு. சண்டையை வேகமாக ஓட்டிவிட்டு முத்தம் எங்கே என்று தேடுகிறோம், அதைவிட மோசம், கல்யாண ஒப்பந்தம் பேசும் காட்சியை ஏதோ அலுவலகக் காகிதம் மாதிரி தள்ளிவிடுகிறோம். அந்த நிபந்தனைகளை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். தனி அறை, ஒரு வருடம்தான், உன் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் என்று அவர்கள் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, நல்ல எழுத்தாளர் அந்தப் பயத்தைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றப் போகிறார். கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வரக்கூடாது என்று நாயகி ஆரம்பத்தில் சொல்லியிருந்தால், இருநூறு பக்கம் கழித்து ஒரு இரவு அவள் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் படுப்பது எவ்வளவு பெரிய விஷயம்! நிபந்தனையைப் படிக்காதவருக்கு அது வெறும் திறந்த கதவு.

அடுத்தது, எல்லாப் பகையையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வது. திட்டுகிறான், அப்படியென்றால் காதல்தான் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். தவறான புரிதலால் வந்த பகை வேறு, ஒரே பதவிக்கு மோதும் போட்டி வேறு, ஒருவர் இன்னொருவருக்கு நிஜமாகவே தீங்கு செய்திருப்பது வேறு. முதல் இரண்டும் பேசிச் சிரித்தால்கூடத் தீர்ந்துவிடும். மூன்றாவதற்கு ஈடு செய்தாக வேண்டும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' 1813-ல் வந்தது, மொத்தம் 61 அத்தியாயம், நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் முதல்முறை காதலைச் சொல்வது 34-வது அத்தியாயத்தில். அதையும் அவள் குடும்பத்தை மட்டம் தட்டியபடி சொல்கிறான், எலிசபெத் முகத்துக்கு நேராக மறுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட பாதி நாவல் இருக்கிறது! அவன் கடிதம் எழுதுகிறான், அவள் தங்கையைச் சிக்கலிலிருந்து மீட்க யாருக்கும் தெரியாமல் பணம் செலவழிக்கிறான், அப்புறம்தான் இரண்டாவது முறை கேட்கிறான். நீங்கள் படிக்கும் கதையிலும் அந்த இரண்டாம் பாதி இருக்கிறதா என்று பாருங்கள். மன்னிப்பு ஒரு வரியில் முடிந்துவிட்டால் அதை நம்பவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அதே நாவலில் ஒரு வசதிக் கல்யாணமும் இருக்கிறது. எலிசபெத்தின் தோழி, 27 வயது ஷார்லட், பாதுகாப்பான வாழ்க்கைக்காக காலின்ஸ் என்ற பாதிரியாரைக் கட்டிக்கொள்கிறாள், அங்கே காதல் வரவே இல்லை. ஒரே வீட்டில் இருந்தால் காதல் தானாக முளைத்துவிடும் என்று நினைத்துப் படிக்காதீர்கள், என்ன நடந்ததால் முளைத்தது என்று கேளுங்கள்.

சரி, 'டார்க்' என்ற சொல்லுக்கு வருவோம். வண்ணமயமான கார்ட்டூன் அட்டை, பின்னட்டையில் ஒரு நகைச்சுவை வரி, நாமும் லேசான கதை என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறோம். மனம் சரியில்லாத ஒரு வாரத்தில் நான் அப்படி ஒன்றை எடுத்தேன், மூன்றாவது அத்தியாயத்திலேயே கடத்தலும் ரத்தமும். முன்பக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கை தெளிவாகப் போட்டிருந்தது, ஸ்பாய்லர் என்று பயந்து நான்தான் தாண்டிப்போயிருந்தேன். அதிலிருந்து அந்தப் பக்கத்தைப் படிக்காமல் எதையும் ஆரம்பிப்பதில்லை. அதில் இருப்பது கதை முடிச்சு இல்லை, வன்முறை உண்டா, வற்புறுத்தல் உண்டா என்பது மட்டும்தான்.

சிரிப்பு வந்துவிட்டதால் அந்த இடம் ஆபத்தில்லாதது என்று நினைப்பதும் தப்பு. யாரை வைத்து சிரிக்கிறார்கள், நாயகியால் அந்த அறையை விட்டு வெளியே போக முடியுமா, அவள் பதிலுக்கு ஒன்று சொன்னால் நாயகன் வாங்கிக்கொள்கிறானா? இருவரும் சமமாகக் குத்திக்கொண்டால் அது விளையாட்டு. ஒருவர் மட்டும் குத்துவாங்கிக்கொண்டே இருந்தால், எவ்வளவு சிரிப்பாக எழுதியிருந்தாலும் எனக்கு உறுத்தும்.

யார் சொல்லும் அத்தியாயம் என்பதையும் கவனியுங்கள், இருவர் மாறி மாறிச் சொல்லும் கதையில் தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்க்காமல் போனால் பாதி வேடிக்கை போய்விடும். அப்புறம், காகிதத்தில் ஒரு கெட்டவனைப் பிடித்துவிட்டது என்று குற்ற உணர்ச்சியே வேண்டாம். நிஜத்தில் யாராவது அப்படி நடந்தால் 'கதையில் வருகிற மாதிரி' என்று பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

படித்து முடித்ததும் புத்தகத்தை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். டார்சியின் கடிதத்தை எலிசபெத் முதலில் கோபத்தோடு படிக்கிறாள், எதையும் நம்பவில்லை, மடித்து வைத்தவள் அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள், அப்போதுதான் அதே வரிகள் வேறு மாதிரி தெரிகின்றன. நீங்களும் நாயகனும் நாயகியும் முதன்முதலில் மோதிக்கொள்ளும் காட்சிக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள்.