கடல் முன்னறிவிப்பை வாசிக்கும் முறை: மணற்காட்டிலிருந்து அறுகம்குடா வரை

என் உறவுக்காரப் பிள்ளைகள் மூவர் அலைச்சறுக்குப் பழகுவதற்காக அறுகம்குடாவுக்குப் போக ஆயத்தமானார்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் மூத்தவன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "மாமா, 1.2 எண்டு கிடக்குது, போகலாமோ?" என்று கேட்டான். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவனுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. 1.2 மீற்றர் உயரமான அலை காங்கேசன்துறைக்கு வெளியே ஒரு பொருளைத் தரும், அறுகம்குடாவில் முற்றிலும் வேறொரு பொருளைத் தரும். அன்று மாலை அவர்களை இருத்திச் சொல்லிக் கொடுத்ததையே, கடலில் இறங்கும் முன் முன்னறிவிப்பை வாசிக்கப் பழக விரும்பும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அறியுங்கள்

முன்னறிவிப்பைத் திறப்பதற்கு முன் வரைபடத்தைத் திறக்க வேண்டும். காரைநகர் கசூரினாக் கடற்கரை வடக்கைப் பார்த்தபடி கிடக்கிறது. வடமராட்சி கிழக்கின் மணற்காடு வங்காள விரிகுடாவுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. அறுகம்குடா கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தின் பொத்துவிலுக்கு அருகே, தெற்கிலிருந்து வரும் அலை ஒரு முனையைச் சுற்றி வளைந்து உள்ளே நுழையும்படி அமைந்திருக்கிறது. காற்றும் அலையும் எத்திசையிலிருந்து வருகின்றன என்பதை இந்த முகத்தோடு பொருத்திப் பார்க்காவிட்டால், முன்னறிவிப்பில் உள்ள எண்கள் எல்லாம் வெறும் எண்களாகவே இருந்துவிடும்.

நம் பெரியவர்கள் காற்றுக்கு வைத்த பெயர்களே இதற்குப் போதுமான அடிப்படை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோளகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நமக்குச் சோளகக் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையானது வாடைக் காலம். வாடைக் காலத்தில் மணற்காட்டிலும் பருத்தித்துறையிலும் காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு ஏறுவதால் கடல் குழம்பிக் கிடக்கும். சோளகக் காலத்தில் அதே கரைகளில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு இறங்குவதால் கரையோர நீர் படுத்துக் கிடக்கும்.

கசூரினாவில் குளிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். சோளகத்தில் கரையோரம் அலையே இல்லாமல் தட்டையாகத் தெரிவதைக் கண்டு, காற்றடைத்த டியூபிலும் மிதவையிலும் பிள்ளைகளை ஏற்றி விடுகிறார்கள். அந்தக் காற்று அவர்களை மெதுவாக, ஓசையில்லாமல், வெளிக்கடலை நோக்கியே தள்ளும். அலை இல்லாத நாள் ஆபத்தில்லாத நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அலகைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், பெரியம்மாவை நெடுந்தீவுக்கு அழைத்துப் போனேன். முதல்நாள் இரவு செயலியில் காற்று 20 என்று இருந்தது. மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர்தானே, பயமில்லை என்று எண்ணிக் குறிகட்டுவானில் படகேறினோம். கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும் படகின் முன்பக்கமான அணியம் தூக்கித் தூக்கி விழத் தொடங்கியது. நீர் மேலே அடித்துப் பெரியம்மாவின் சேலை தோள் முதல் கால் வரை நனைந்து போயிற்று. அவர் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, "தம்பி, காத்தில்லையெண்டு தானே சொன்னனீ?" என்று கேட்டது இன்றும் என் காதில் நிற்கிறது. செயலி காட்டிய அந்த 20 என்பது கிலோமீற்றர் அல்ல, கடலில் வேகத்தைச் சொல்லும் அலகான நொட். ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு 1.852 கிலோமீற்றர், 20 நொட் என்றால் 37 கிலோமீற்றர். செயலியைத் திறந்தவுடன் அலகு எது என்று பார்ப்பதும், பழகிய ஓர் அலகில் நிலையாக வைத்துக்கொள்வதும் அன்றிலிருந்து என் வழக்கம். காற்று செக்கனுக்கு மீற்றரில் தரப்பட்டிருந்தால் 3.6 ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்குரிய கிலோமீற்றர் கிடைக்கும்.

நேரமும் ஓர் அலகுதான். சில பக்கங்கள் உலகப் பொது நேரத்தைத் தரும். அதனோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால்தான் நம் நேரம் வரும். காலை 6 மணி என்று நினைத்து வாசித்த வரி உண்மையில் முற்பகல் 11.30 ஆக இருந்தால், காற்று முழுவதும் மாறியிருக்கும்.

உயரத்துக்கு முன் கால இடைவெளியைப் பாருங்கள்

பழகத் தொடங்கும் அனைவரும் அலையின் உயரத்தையே முதலில் பார்க்கிறார்கள். நான் சொல்வது, அதற்கு அடுத்து செக்கனில் எழுதப்பட்டிருக்கும் சிறிய எண்ணை முதலில் பாருங்கள் என்பதே. ஓர் அலையின் முடி ஓர் இடத்தைக் கடந்து, அடுத்த அலையின் முடி அதே இடத்துக்கு வந்து சேர எடுக்கும் நேரம் அது. 3 முதல் 6 செக்கன் என்றால் அருகே வீசும் காற்று எழுப்பிய குறுகிய அலை. 10 செக்கனுக்கு மேல் என்றால் தொலைவில் பிறந்து பயணம் செய்து வந்த நீண்ட அலை. இதைத்தான் முன்னறிவிப்புகளில் சுவெல் என்று எழுதுகிறார்கள்.

ஆழ்கடலில் 6 செக்கன் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 56 மீற்றர். 13 செக்கன் அலையின் நீளம் ஏறக்குறைய 264 மீற்றர். உயரம் இரண்டுக்கும் 1.2 மீற்றர்தான் என்றாலும், இரண்டாவது அலை கரைக்குச் சுமந்து வரும் வலு முதலாவதை விட இரண்டு மடங்குக்கும் கூட. அது ஆழம் குறைந்த இடத்தை அடைந்ததும் நிமிர்ந்து எழும். அறிவிப்பில் கண்ட உயரத்தை விட உடையும் அலை உயரமாகத் தோன்றுவது இதனால்தான்.

பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. தெற்கே மன்னார்த் தீவும் இராமர் அணையும் தெற்கிலிருந்து வரும் நெடிய அலையை மறித்து விடுகின்றன. ஆகவே நெடுந்தீவுக் கடலில் எழுபவை பெரும்பாலும் காற்று அலைகளே. நீர் ஆழமில்லாததால் அவை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுந்து படகை உலுக்கும். அன்று பெரியம்மாவை நனைத்தவை அத்தகைய அலைகள். அறுகம்குடாவுக்கு வருபவையோ இந்துசமுத்திரத்தின் தென்கோடிப் புயல்களில் பிறந்து ஐந்தாறு நாள் பயணம் செய்து வருபவை. அவ்வளவு தூரம் வருவதால் சுவெலை சில நாட்களுக்கு முன்னரே ஓரளவு நம்பிக்கையோடு கணிக்க முடிகிறது; உள்ளூர்க் காற்றை அப்படிக் கணிக்க முடிவதில்லை. ஆதலால் பயணத் திகதியைச் சுவெலைப் பார்த்துத் தீர்மானித்து, கடலில் இறங்கும் நேரத்தைக் காற்றைப் பார்த்துத் தீர்மானிப்பது நல்லது.

இன்னொன்று. அறிவிப்பில் வரும் உயரம் மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல. அலைகளை உயரப்படி அடுக்கி, மேலேயுள்ள மூன்றில் ஒரு பங்கின் சராசரியை எடுத்துத் தருகிறார்கள். இடையிடையே ஓர் அலை அதன் இரு மடங்கு வரையும் எழலாம்.

கரையில் நின்று எண்ணிப் பாருங்கள்

இந்தப் பயிற்சியை யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம். மார்கழியில் ஒரு காலை மணற்காட்டுக்குப் போய், மணலில் புதைந்த பழைய தேவாலயத்தைக் கடந்து கரைக்கு இறங்குங்கள். நங்கூரமிட்ட வள்ளம் ஒன்றையோ, வலைக்குக் கட்டிய மிதப்பு ஒன்றையோ கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் அலை அதைத் தூக்கும் கணத்தில் கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தை அழுத்துங்கள். அந்த அலையை எண்ணக் கூடாது, அது பூச்சியம். அடுத்ததிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணிப் பத்தாவது அலை தூக்கும்போது நிறுத்துங்கள். 62 செக்கன் என்றால், இடைவெளி 6.2 செக்கன். மூன்று முறை செய்து சராசரி எடுத்து, வீட்டில் பார்த்துவிட்டு வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நான் முதன்முதல் இப்படி எண்ணிக்கொண்டு நின்றபோது, வலை காயவிட்டுக் கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இண்டைக்குக் கிட்டக் கிட்ட விழுது" என்றார். என் கணக்கு முடிய இரண்டு நிமிடம் பிடித்தது. 5 செக்கனுக்குச் சற்று மேல் வந்தது. அவர் சொன்னதும் நான் அளந்ததும் ஒன்றுதான். கடற்றொழில் செய்பவர்கள் அருகில் இருந்தால், எண்களைப் பார்த்த பிறகும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காற்றை மணிக்கு மணி வாசியுங்கள்

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அலையின் திசையும் அப்படியே, வரும் திசையாலேயே சொல்லப்படுகிறது. நீரோட்டத்துக்கு மட்டும் போகும் திசையைச் சொல்வார்கள்.

அறுகம்குடாவின் காலம் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை. அந்த மாதங்களில் அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். அலையின் முகம் வழவழப்பாக நிமிர்ந்து நின்று உடையும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடற்காற்று எதிர்த்திசையில் கிளம்பி, நண்பகலுக்குப் பின் அலையைக் குலைத்துவிடும். அதனால் முன்னறிவிப்பில் நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்க்காமல், காலை 6 முதல் 9 மணி வரையான பெட்டிகளைத் தனியே பாருங்கள். பழகுபவர்களுக்கு 10 நொட்டுக்குக் கீழ் நல்லது. 11 நொட்டைத் தாண்டினால் கடலெங்கும் வெண்நுரை அடிக்கடி தெரியும்; அப்போது கற்றுக்கொள்வதை விட நீரோடு மல்லுக்கட்டுவதே மிஞ்சும். காற்று வீச்சு என்று, இடையிடையே திடீரெனப் பலமாக அடிக்கும் காற்றின் வேகத்தைத் தரும் இன்னொரு வரி இருக்கும். சராசரி 9 ஆகவும் வீச்சு 20 ஆகவும் இருந்தால், 20 ஐயே கணக்கில் எடுங்கள்.

என் மருமகன் காட்டிய பக்கத்தை இப்போது முழுவதும் வாசிக்கலாம். உயரம் 1.2 மீற்றர், இடைவெளி 13 செக்கன், திசை தெற்கு, காலைக் காற்று தென்மேற்கிலிருந்து 7 நொட், பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து 13 நொட். பழகியவர்களுக்கு அது அருமையான காலை. பலகையில் இதுவரை எழுந்து நிற்காத மூவருக்கு முதன்மை முனையில் அது மிகையானது. அங்கே அடியில் கல்லும் பாறையும் உண்டு, கடல்மட்டம் இறங்கும் வற்று நேரத்தில் அவை இன்னும் கிட்டவாக வரும். குடாவின் உள்ளே, தொடக்கநிலையினர் பழகும் பேபி பொயிண்ட் பக்கம் அலை வலுக் குறைந்து வரும். அங்கே, காலையில், பயிற்றுநரோடு போகலாம் என்று சொன்னேன். எங்கே இறங்கினாலும் முதலில் 20 நிமிடம் கரையில் இருந்து பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாகவே வரும், இடையில் கடல் அடங்கியது போலத் தோன்றும் நேரத்தில் வந்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

கடல்மட்டம் இறங்கும் வற்றுக்கும் ஏறும் வெள்ளத்துக்கும் இடையிலான வித்தியாசம் நம் கரைகளில் ஒரு மீற்றருக்குள்ளேயே அடங்கிவிடும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் வித்தியாசம் கூடும் என்பதை நினைவில் வைத்திருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டு செயலிகளையும் ஓர் அரச அறிவிப்பையும் ஒப்பிடுங்கள்

விண்டி போன்ற வானிலைச் செயலிகளில், கணினி கொண்டு வானிலையைக் கணிக்கும் ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். விலகினால் மோசமானதையே நம்புங்கள். இந்த மாதிரிகள் உலகைப் பல கிலோமீற்றர் அகலமான சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அப்படியான ஒரு சதுரத்துக்குள் யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஒரு பகுதியும் தீவுகளும் வெளிக்கடலும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடும். ஆகையால் ஊர்காவற்றுறைக்கென்றோ மண்டைதீவுக்கென்றோ தனியே காட்டப்படும் அலை உயரத்தைத் துல்லியமானது என்று கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்பை வாசியுங்கள். அது தமிழிலும் வருகிறது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை வரை, புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை, அம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவில் வரை என்று கரைகளின் பெயரால் கடல் பிரித்துச் சொல்லப்படும். அறுகம்குடாவுக்குப் போவோர் பொத்துவில் என்ற பெயரைத் தேட வேண்டும். செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிற எச்சரிக்கை உங்கள் கடற்பரப்புக்கு வந்திருந்தால் செயலியில் என்ன தெரிந்தாலும் இறங்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கூடிய கவனம் வேண்டும். 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை, பருவநிலை காரணமாக அதே மாதமே நிறுத்தப்பட்டது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரை கடந்தது. வங்கக்கடலில் தாழமுக்கம் என்ற சொல் அறிவிப்பில் வந்தவுடன், நீங்கள் திட்டமிட்ட நாளை ஒத்திவையுங்கள். பங்குனி, சித்திரை மாலைகளில் மின்னலைப் பாருங்கள்: மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவாக இருந்தால், அது 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது; உடனே நீரை விட்டு ஏறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்

முதல் ஒரு மாதம், கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதினால் போதும்: திகதி, இடம், அறிவிப்பு சொன்ன உயரம், இடைவெளி, காற்று, அதன் பக்கத்தில் நீங்கள் கண்டது. இடுப்பளவு, முழங்காலளவு என்று உடலால் அளந்து எழுதுங்கள். மருமகன் அறுகம்குடாவிலிருந்து முதல்நாள் அனுப்பிய வரி இது: "1.2 மீற்றர், 13 செக்கன், தெற்கு. எண்ணினது 12. உள்பக்கம் இடுப்பளவு. முனையில ஆளுக்கு மேல. ஒன்பதரைக்குக் காத்து மாறிட்டுது, ஏறிட்டம்."