லிசியக் கல்லறைச் சிற்பம் ஒன்றைப் படித்துக் காலம் கணிப்பது எப்படி: ஸாந்தோஸ் 'ஹார்ப்பி கல்லறை'யை வைத்து ஒரு செய்முறை

துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையை ஒட்டிய மலைநாடுதான் பழைய லிசியா. அங்கே பெரிய மனிதர்கள் இறந்தால் மண்ணுக்குள் புதைக்காமல், ஒரே கல்லால் ஆன உயரமான தூணின் உச்சியில் அறை கட்டி அதற்குள் வைப்பதும் ஒரு வழக்கம். ஸாந்தோஸ் நகரத்தில் நிற்கும் 'ஹார்ப்பி கல்லறை' அந்த வகை. மொத்த உயரம் 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன், ஏனென்றால் இதில் ஒரு எழுத்துகூடப் பொறிக்கப்படவில்லை. எல்லாவற்றையும் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: எது எங்கே இருந்தது?

ஆங்கிலேயப் பயணி சார்லஸ் ஃபெலோஸ் 1838-இல் ஸாந்தோஸுக்குப் போனார். 1840-களில் இந்தச் சிற்பப் பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இன்று தூணின் மேல் இருப்பவை வார்ப்பு நகல்கள். அதனால் படம் தேடும்போது அசலா நகலா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கல்: தூண் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், பலகைகள் பளிங்கு. நான்கு பக்கங்களையும் திசை குறித்து எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் ரொம்ப உதவும்.

படி 2: பெயர் வைக்காமல் பாருங்கள்

நோட்டில் இரண்டு பத்தி பிரியுங்கள்: 'கண்டது', 'கருத்து'. முதல் பத்தியில் கண்ணுக்குத் தெரிவது மட்டும். மேற்குப் பக்கத்தில் இரண்டு முனைகளிலும் இரண்டு பெண்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தியை நோக்கி மூன்று பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள், கையில் மாதுளையும் பூவும் தெரிகிறது. நடுவே அறைக்குள் போகும் சின்ன வாசல், அதற்கு மேலே கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு. கிழக்கில் தாடி வைத்த ஒருவர் அமர்ந்திருக்கிறார், ஒரு சிறுவன் அவருக்குச் சேவல் நீட்டுகிறான். வடக்கில் ஒரு வீரன் அமர்ந்திருப்பவரிடம் தலைக்கவசத்தைக் கொடுக்கிறான். தெற்கிலும் அமர்ந்த ஒருவருக்குக் காணிக்கை, அங்கே ஒரு பறவை.

'அரசன்', 'தேவி' என்று எதுவும் இன்னும் எழுதக் கூடாது. அமர்ந்த ஆள், நின்ற ஆள், கையில் என்ன, எந்தப் பக்கம் பார்க்கிறார், அவ்வளவுதான். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் படமாக எடுத்துக்கொண்டால் தேய்ந்துபோன கோடுகளும் தெரியும்.

படி 3: பறவைப் பெண்களிடம் நிதானமாக நில்லுங்கள்

வடக்கு, தெற்குப் பக்கங்களின் ஓரங்களில் பெண் தலையும் பறவை உடலும் கொண்ட உருவங்கள், ஆளுக்கு ஒரு சின்ன மனித உருவத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றன. ஆரம்ப காலத்தில் பார்த்தவர்கள் இதை ஹோமரின் கிரேக்கக் காவியமான 'ஒடிசி'யில் வரும் பாண்டரியோஸ் மகள்களை ஹார்ப்பிகள் (கிரேக்கக் கதைகளில் ஆட்களைக் கவர்ந்து போகும் சிறகுள்ள பெண்கள்) தூக்கிப் போன கதை என்று எடுத்துக்கொண்டார்கள். கல்லறைக்குப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆனால் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். கை குழந்தையை அணைப்பதுபோல மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. தூக்கிப் போகப்படும் சின்ன உருவமும் திமிறவில்லை, தன்னைத் தூக்கிய பெண்ணை நோக்கியே கையை நீட்டுகிறது. கொள்ளையடித்துப் போகிறவர்களை ஒரு சிற்பி இப்படிச் செதுக்குவானா? ஒரு மூலையில் கீழே குனிந்து உட்கார்ந்திருக்கும் சிறிய உருவத்தையும் சேர்த்துப் பார்த்தால், அது பிரிந்தவரை நினைத்து அழுகிறவர், மேலே போவது இறந்தவரின் உயிர் என்ற விளக்கம்தான் எனக்குப் பொருந்திப் போகிறது. இவை உயிரைக் கொண்டு செல்லும் சைரன்கள் (கிரேக்கக் கதைகளில் வரும் வேறு வகைப் பறவைப் பெண்கள்) என்று இன்று பலரும் சொல்வது இதனால்தான்.

படி 4: இப்போது 'கருத்து' பத்தி

அமர்ந்திருப்பவர்கள் கடவுள்களா, அல்லது இறந்துபோன அரச குடும்பத்து முன்னோர்களா? மேற்குப் பெண்களைக் கிரேக்கத் தேவிகளான டிமீட்டர், பெர்செஃபோனி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு முன்னோர்கள் என்ற பக்கம்தான் மனம் சாய்கிறது: தாடிக்காரர் கையில் கோலும் பூவுமாக அமர்ந்து வருகிறவர்களைப் பார்க்கும் அமைப்பு, பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் மன்னர் அவையில் அமர்ந்திருக்கும் சிற்பங்களை நினைவுபடுத்துகிறது. லிசியா அப்போது பாரசீகப் பேரரசுக்குள் இருந்த நாடு. செதுக்கிய கை கிரேக்கப் பாணி, தூண் கல்லறை உள்ளூர் வழக்கம், அமர்ந்திருக்கும் தோரணையில் பாரசீகச் சாயல். மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள், எந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் முடிவு தப்பாகிவிடும்.

படி 5: பாணியை வைத்துக் காலம்

முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கண் மட்டும் நேரே பார்ப்பதுபோல முழுதாகத் தெரிகிறது. உதட்டோரம் லேசான புன்னகை. மெல்லிய உள்ளாடையில் நெருக்கமான கோடுகள், மேலாடையின் ஓரத்தில் அடுக்கடுக்கான மடிப்புகள். இதெல்லாம் கிரேக்கக் கலையில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வழங்கிய முறை. ஆனால் பெரிய மையங்களுக்குத் தொலைவில் இருக்கும் பட்டறைகளில் பழைய பாணி கொஞ்ச காலம் நீடிக்கும், அதற்கும் இடம் விடுங்கள். பொதுவாக இதற்குச் சொல்லப்படும் காலம் கி.மு. 480–470.

படி 6: வரலாற்றோடு சேர்ப்பது

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கில் கி.மு. 480-இல் பாரசீக மன்னர் செர்க்ஸீஸின் கடற்படைக்கு லிசியர்கள் 50 கப்பல்கள் அனுப்பினார்கள். அவர்களின் தலைவனாக அவர் சொல்பவரை லிசிய அரசன் குபெர்னிஸ் என்று கொள்கிறார்கள், இந்தக் கல்லறை அவனுடையது என்றும் ஒரு ஊகம் உண்டு. காலம் பொருந்துகிறது, சரி. ஆனால் கல்லில் பெயர் இல்லை, ஆகவே இதை ஊகம் என்றே எழுதுங்கள். முக்கியமாக, குபெர்னிஸை வைத்துக் காலத்தைச் சொல்லிவிட்டு, அதே காலத்தை வைத்துக் குபெர்னிஸ் என்று நிரூபிக்காதீர்கள். இந்த வட்டத்தில் விழுவது ரொம்பச் சுலபம்.

எழுத்து இருந்தால் நிலைமை எப்படி மாறும் என்று பார்க்க, அதே ஸாந்தோஸிலிருந்து வந்த பயாவா கல்லறைக்குப் போங்கள். அதில் பாரசீக ஆளுநர் ஆட்டோஃப்ரடாடீஸ் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு என்று பாணியைத் தொடாமலே சொல்லிவிடலாம். அங்கே இதே ஆறு படிகளையும் செய்யுங்கள், ஆனால் ஐந்தாவது படியை முடிக்கும்வரை அந்த வரிகளை மறைத்து வையுங்கள்.