விர்ஷ் எடிட்டில் விஐ வேண்டாம், நானோ போதும்

லினக்ஸில் கேவிஎம் (லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்க வசதி) மெய்நிகர் இயந்திரத்தின் ராமைக் கூட்ட, அதன் அமைப்பைத் திருத்தும் ‘விர்ஷ் எடிட்’ கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் விஐ எடிட்டர்தான் திறக்கிறது. பழகாதவருக்கு அதிலிருந்து வெளியே வருவதே பெரும்பாடு. லிப்விர்ட் (மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் மென்பொருள், விர்ஷ் அதன் கட்டளைவரிக் கருவி) நிறுவி, ஒரு இயந்திரமும் உருவாக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. பாஷ்ஆர்சி கோப்பில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பு) ‘எடிட்டர்’ சூழல் மாறிக்கு நானோ (எளிய டெர்மினல் எடிட்டர்) என்று மதிப்பு கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மாறியின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும்.

2. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சுடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டினால் மறுபடியும் விஐயே வரும். உங்கள் சூழல் மாறிகளைச் சுடோ வழக்கமாகக் கழற்றிவிடும். சரி, சுடோ இல்லாமல் ஓட்டலாம் என்றால் இயந்திரப் பட்டியல் காலியாகத் தெரியும். பதற வேண்டாம், எதுவும் அழியவில்லை. சாதாரண பயனராக ஓட்டும்போது விர்ஷ் ‘செஷன்’ (உங்கள் பயனருக்கு மட்டுமான) இணைப்பில் தேடுகிறது. உங்கள் இயந்திரம் இருப்பது ‘சிஸ்டம்’ (முழுக் கணினிக்கும் பொதுவான) இணைப்பில். உங்கள் பயனரை ‘லிப்விர்ட்’ குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். அப்புறம் ‘லிப்விர்ட் டீஃபால்ட் யூஆர்ஐ’ மாறிக்கும் சிஸ்டம் இணைப்பின் முகவரியைக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இந்தக் குழுவில் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட ரூட் அதிகாரமே கிடைக்கும். நம்பிக்கையானவரை மட்டும் சேருங்கள்.

3. திருத்துவதற்கு முன் ‘விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்’ கட்டளை மூலம், இயந்திரத்தின் அமைப்பு எழுதப்பட்டிருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். இப்போது ‘விர்ஷ் எடிட்’ கொடுத்தால் நானோ திறக்கும். ‘மெமரி’ வரியில் 4194304 என்று இருந்தால் அது கிபிபைட் கணக்கு, அதாவது 4 ஜிபி. அலகை ‘ஜிஐபி’ என்று மாற்றிவிட்டு வெறும் 8 போட்டாலும் லிப்விர்ட் ஏற்றுக்கொள்ளும். கிபிபைட்டாகத் தானே மாற்றிச் சேமித்துக்கொள்ளும். கீழே இருக்கும் ‘கரன்ட்மெமரி’ வரியையும் சேர்த்து மாற்றுங்கள்.

சேமிக்கும்போது பிழை வந்தால், மறுபடி முயலவா என்று கேட்கும். ‘ஒய்’ அழுத்துங்கள், திருத்தியது அப்படியே திரும்பத் திறக்கும். ‘என்’ அழுத்தினால் அத்தனையும் போய்விடும். ‘ஐ’ சரிபார்ப்பையே தவிர்த்துவிடும். எழுத்துப்பிழையான டேக் சத்தமில்லாமல் காணாமல் போகும் என்பதால் அது எனக்குப் பிடிப்பதில்லை.

திரையோடு கூடிய கணினி என்றால் விர்ட்-மேனேஜரைத்தான் (இதே வேலைக்கான வரைகலை நிரல்) சொல்வேன். பிரிஃபரன்சஸில் எக்ஸ்எம்எல் திருத்தத்தை டிக் செய்தால் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எக்ஸ்எம்எல் டேப் வந்துவிடும், முழுக் கோப்பில் தேட வேண்டியதில்லை.

சேர்க்கை: ரீபூட் செய்தும் ராம் கூடவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். இயந்திரத்துக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. முழுவதுமாக ஷட்டவுன் செய்து, ‘விர்ஷ் ஸ்டார்ட்’ கொடுத்துக் கிளப்புங்கள்.