வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளில் ஒரு சனி, ஞாயிறு

இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள கடலோர ஊரான மணற்காட்டின் மணல்மேடுகளைத் துவிச்சக்கரவண்டியில் சென்று, நடந்து பார்ப்பதற்கு மாசி, பங்குனி மாதங்களே உகந்தவை. மாரி மழை ஓய்ந்திருக்கும், மழைநீர் தேங்கும் புல்வெளிகளான தரவைகளில் நீர் முற்றாக வற்றாததால் நாரைகளும் கொக்குகளும் நிற்கும், வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றும் தணிந்திருக்கும். வைகாசிக்குப் பின் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால், பறக்கும் மணல் கண்ணையும் வண்டிச் சங்கிலியையும் ஒருசேர நிறைத்துவிடும்.

மெல்லிய ரயர் கொண்ட பந்தய வண்டி இப்பயணத்துக்கு உதவாது. தடித்த ரயருள்ள சாதாரண வண்டியே போதும். நெருஞ்சி முள் எங்கும் இருப்பதால் மேலதிக ரியூப் ஒன்றும், ஒட்டுப் போடும் பொருள்களும், காற்றுப் பம்பும் கையில் இருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் தண்ணீர், நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூளான ஜீவனியில் இரண்டு பொதி, கடித்துக்கொள்ளப் புழுக்கொடியலும் (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு) பனங்கட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால், கோப்பாய், நீர்வேலி, புத்தூர் கடந்து, நிழலே இல்லாத வல்லை வெளியை வெயில் ஏறுமுன் தாண்டிவிடலாம். பருத்தித்துறை ஏறத்தாழ 33 கிலோமீற்றர். அங்கேயே தங்குமிடம் ஒழுங்குசெய்து, நண்பகலில் ஓய்வெடுத்து, பிற்பகல் மூன்றரைக்கு வல்லிபுரம் நோக்கிச் செல்லுங்கள். 1936இல் பழைய எழுத்துப் பொறித்த பொன்னேடு கண்டெடுக்கப்பட்ட ஊர் அது. அங்குள்ள ஆழ்வார் கோவிலுக்குள் செல்ல விரும்பும் ஆண்கள் மேலாடையைக் களைய வேண்டும் என்பதால் ஒரு வேட்டியும் உடன் இருப்பது நல்லது.

மணற்காட்டை அடைந்ததும் வண்டியை ஊருக்குள் பூட்டி வைத்துவிட்டு நடக்க வேண்டும். மேடுகளில் வண்டி ஓட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், சில்லுப் புதைவது மட்டுமன்று: அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் வேரோடிப் பிடித்து வைத்திருப்பதனாலேயே அந்த மணல் அங்கே நிற்கிறது; ஒரு கொடி அறுந்த இடத்தில் காற்று குழி பறிக்கத் தொடங்கும். இராவணன் மீசையின் முனைகள் ஊசிபோல் குத்துவதால் காலுறையும் கன்வஸ் சப்பாத்தும் தேவை. ஏறும்போது காற்று மோதி இறுகிய, சரிவு குறைந்த பக்கத்தால், முன்செல்பவரின் அடிச்சுவட்டிலேயே கால் வைத்துச் சாய்வாக ஏறுங்கள். மறுபக்கத்து மணல் ஓரடிக்கு அரையடி பின்னுக்கு இழுக்கும். இறங்கும்போது குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும். மேடுகள் ஒன்றுபோல் தோன்றுவதால், கடலின் இரைச்சல் எந்தக் கைப்பக்கம் கேட்கிறது என்பதைப் புறப்படும்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களை மாலை வெயிலில் பார்ப்பதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம். அவற்றின்மீது ஏறுவது தகாது. இருட்டுமுன் பருத்தித்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஞாயிறு எழுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட நாள் என்பதால் பயிற்சியுள்ளவர்களுக்கே உரியது. மற்றவர்கள் வந்த வழியே திரும்பலாம். குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று வழியாக மருதங்கேணி வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி, யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியை அடைய வேண்டும். போரின்போது முன்னரங்குக் கோடு நாகர்கோவிலுக்கும் முகமாலைக்கும் ஊடாகவே சென்றது. புதைத்த கண்ணிவெடிகள் எஞ்சியிருக்கக்கூடும்; ஆகவே இப்பகுதியில் வீதியையும் ஊரவர் நடக்கும் தடத்தையும் விட்டு விலகவே கூடாது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். சுண்டிக்குளம் தேசிய பூங்காவையும் இதே பயணத்தில் சேர்க்கும் ஆசை எழும். அதற்கு வேறொரு நாளை ஒதுக்குவதே முறை.

வீடு சேர்ந்த அன்றிரவே சங்கிலியை உலர்ந்த துணியால் துடைத்து, பல்லிடுக்கு மணலைத் தூரிகையால் தட்டியெடுத்து, எண்ணெய் விடுங்கள்; உப்புக் காற்றில் துரு விரைவாகப் பிடிக்கும்.